டான் கார்லிட்ஸ்: தான் கட்டிய வண்டியில் தானே அமர்ந்தவர்

மோட்டார் பந்தயங்களிலேயே புரிந்துகொள்ள மிக எளிதானது டிராக் ரேஸ்தான். நேரான பாதையில் இரண்டு வண்டிகள் அருகருகே நிற்கும். சைகை கிடைத்ததும் கிளம்பும். கால் மைல் தொலைவை, அதாவது ஏறக்குறைய 402 மீட்டரை, யார் முதலில் கடக்கிறாரோ அவர் அடுத்த சுற்றுக்குப் போவார். தோற்றவர் வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புவார். வளைவு கிடையாது, முந்திச் செல்லும் சாதுரியத்துக்கு இடம் கிடையாது. சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். அந்தச் சில விநாடிகளைக் குறைப்பதிலேயே அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தைச் சேர்ந்த டான் கார்லிட்ஸ் தம் வாழ்நாளைச் செலவிட்டார். 1950களின் தொடக்கத்தில் பந்தயப் பாதைக்கு வந்த அவர், தமது 87ஆம் வயதில், 2019இல், மின்சார வண்டி ஒன்றில் புதிய வேகத்தைப் பதிவு செய்தார்.

1932 ஜனவரி 14 அன்று டாம்பா நகரில் பிறந்த கார்லிட்ஸின் கணக்கில் 144 தேசிய அளவிலான வெற்றிகளும், வெவ்வேறு பந்தய அமைப்புகளில் வென்ற 17 சாம்பியன் பட்டங்களும் இருக்கின்றன. இந்த எண்களைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறொன்று. அவர் ஓட்டிப் புகழ்பெற்ற வண்டிகள் ஏறத்தாழ எல்லாமே அவரும் அவருடன் இருந்த இரண்டு மூன்று பேரும் ஒரு சிறிய பட்டறையில் கட்டியவை. ‘ஸ்வாம்ப் ராட்’, அதாவது சதுப்புநில எலி, என்ற பெயரும் ஒரு வரிசை எண்ணும் கொண்ட அந்த வண்டிகள் முப்பதைத் தாண்டிச் சென்றன. ஃபுளோரிடாக்காரர் என்பதால் எதிரணியினர் கேலியாகச் சொன்ன பெயரை அவர் வண்டியின் மீதே எழுதிக்கொண்டார். கட்டுபவரும் ஓட்டுபவரும் ஒரே ஆளாக இருந்ததால், வடிவமைப்பில் நேர்ந்த ஒவ்வொரு பிழையும் அவர் உடம்பில்தான் வந்து விழுந்தது. டிராக் ரேஸுக்கென்றே கட்டப்படும் டிராக்ஸ்டர் என்ற வண்டி இன்றைய உருவத்தை அடைந்ததற்கான காரணங்களில் ஒன்று அதுதான்.

இந்தப் பந்தயத்தின் அடிப்படைச் சிக்கலை முதலில் பார்த்துவிடலாம். நின்ற நிலையிலிருந்து ஒரு வண்டி மிக விரைவாகக் கிளம்ப வேண்டுமானால் இரண்டு தேவைகள் உண்டு: இன்ஜினில் அளவுகடந்த ஆற்றல் வேண்டும், அந்த ஆற்றலைத் தரையில் இறக்கப் பின்சக்கரங்களுக்குப் பிடிப்பு வேண்டும். முதல் தேவைக்கு வழி காட்டியது நைட்ரோமீத்தேன் என்னும் திரவம். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும், நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோ போதும், ஏனென்றால் எரிவதற்கான ஆக்சிஜனில் ஒரு பகுதி அதன் மூலக்கூறிலேயே இருக்கிறது. எடைக்கு எடை பார்த்தால் அதில் பெட்ரோலைவிட ஆற்றல் குறைவுதான். ஆனால் சிலிண்டருக்குள் நுழையும் அதே அளவு காற்றில் பல மடங்கு எரிபொருளை எரிக்க முடிவதால், கிடைக்கும் ஆற்றல் இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. அதற்கேற்ற ஆபத்தும் உடன் வருகிறது. கலவை சற்றுப் பிசகினால் சிலிண்டர் மூடியும் பிஸ்டனும் துண்டுகளாகச் சிதறும்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஒரு கணக்குப் பிரிவில் சிறிது காலம் வேலை பார்த்த கார்லிட்ஸ், அது பிடிக்காமல் கார் பழுதுபார்க்கும் வேலைக்கு மாறினார். 1953இல் பேட் என்பவரை மணந்தார்; பந்தய ஊர்களுக்கு உடன் பயணித்த பேட், பிற்காலத்தில் வண்டியின் வேலைகளிலும் கை கொடுத்தார். கிறைஸ்லர் நிறுவனத்தின் ‘ஹெமி’ இன்ஜினை ஒரு பழைய ஷெவர்லே காரின் சட்டத்தில் பொருத்தி அவர் உருவாக்கியதுதான் முதலாவது ஸ்வாம்ப் ராட். அரைக்கோள வடிவ எரியறை கொண்ட அந்த இன்ஜினில் பெரிய வால்வுகள் வைக்க முடிந்ததால் காற்று தாராளமாக உள்ளே வந்தது. பழைய கார்களில் இருந்து மலிவாகவும் கிடைத்தது.

1957 நவம்பரில் ஃபுளோரிடாவின் புரூக்ஸ்வில் பாதையில் இந்த வண்டி 8.79 விநாடிகளில் கால் மைலைக் கடந்தபோது காட்டிய வேகம் மணிக்கு 176.40 மைல், ஏறக்குறைய 284 கிலோமீட்டர். அதே ஆண்டின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் எமெரி குக் 166.97 மைல் எட்டியதே பெரும் பரபரப்பைக் கிளப்பியிருந்தது. வேகம் கட்டுக்கடங்காமல் போகிறது என்ற அச்சத்தில் தேசிய ஹாட் ராட் சங்கம் (என்.எச்.ஆர்.ஏ.) நைட்ரோமீத்தேனைத் தன் பந்தயங்களிலிருந்து தடை செய்தது. இந்தப் பின்னணியில், பந்தய உலகின் மையம் தாங்களே என்று நினைத்திருந்த கலிஃபோர்னியர்கள், ஏதோ ஒரு தென்கிழக்கு ஊரிலிருந்து வந்த அந்த எண்ணை நம்பவில்லை. அங்கே கடிகாரம் சரியில்லை என்றார்கள்.

அந்தச் சந்தேகமே கார்லிட்ஸுக்கு முதலீடாயிற்று. 1959 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் நடந்த பெரிய பந்தயத்துக்கு அவரை வரவழைத்தார்கள்; ஃபுளோரிடாக்காரரைப் பார்க்கவே கூட்டம் திரண்டது. அவர் தோற்றார். உள்ளூர் வண்டிகள் பலவற்றில் சூப்பர்சார்ஜர் இருந்தது. அவருடைய இன்ஜினோ எட்டு கார்புரேட்டர்களோடு இயற்கையாகக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் டீசல் இன்ஜின்களுக்காகச் செய்யப்பட்ட காற்றழுத்திகளைக் கழற்றி வந்து பந்தய இன்ஜின் மேல் வைப்பது அங்கே வழக்கமாகியிருந்தது. பெல்ட் மூலம் இன்ஜினே அதைச் சுழற்றும். அது காற்றை உள்ளே திணிக்கும். தோல்விக்குப் பின் கார்லிட்ஸும் அந்த வழிக்கு வந்தார்.

மூன்றே மாதங்களில் அதன் மறுபக்கத்தையும் கண்டார். 1959 ஜூனில் தென் கரோலினாவின் செஸ்டர் என்ற ஊரில் அவர் கண்ணெதிரே சூப்பர்சார்ஜர் வெடித்துத் தீப்பிழம்பு அவர் மீது பாய்ந்தது. இன்றுள்ள தீத்தடுப்பு உடைகள் அன்று புழக்கத்தில் இல்லை. கைகளிலும் முகத்திலும் கடுமையான தீக்காயங்களோடு பல வாரங்கள் மருத்துவமனையில் கிடந்தார். அந்த இடைவெளியில் அவர் வண்டியை ஓட்டிப் பந்தய ஒப்பந்தங்களைக் காப்பாற்றியவர் ஆர்ட் மலோன் என்ற டாம்பாக்காரர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கால் நூற்றாண்டு கழித்து மீண்டும் வரும்.

ஒப்பந்தங்கள் என்று சொன்னதற்கு விளக்கம் தேவை. அக்காலத்து டிராக் ரேஸ் வீரருக்கு வாழ்வாதாரம் கோப்பைகள் அல்ல. ஊர் ஊராக இருந்த பந்தயப் பாதைகளின் உரிமையாளர்கள், இன்னாருக்கும் இன்னாருக்கும் போட்டி என்று விளம்பரம் செய்து, வந்து ஓட்டுவதற்கே பணம் கொடுத்தார்கள். இன்றிரவு ஓர் ஊர், நாளை மறுநாள் முந்நூறு மைல் தள்ளி இன்னோர் ஊர் என்று கோடைக்காலம் முழுவதும் ஓட்டம் இருக்கும். வண்டி கெட்டுப் படுத்துவிட்டால் அன்றைய வரும்படி போயிற்று. கார்லிட்ஸின் வண்டிகள் வேகமானவை மட்டுமல்ல, நாள்தோறும் ஓடித் தீர வேண்டியவையாகவும் இருந்தன. இழுத்துச் செல்லும் டிரக்கின் பக்கத்தில், சாலையோரத்தில், இருக்கும் கருவிகளைக் கொண்டு பழுது பார்க்கத் தெரிந்த ஒருவருக்கே அந்தத் தொழில் சோறு போட்டது. பின்னாளில் அவர் காட்டிய பிடிவாதத்தையும், பந்தய அமைப்புகளோடு பணத்துக்காக அவர் போட்ட சண்டைகளையும் இந்த நாடோடி வாழ்க்கையை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது.

என்.எச்.ஆர்.ஏ. நைட்ரோமீத்தேன் தடையைத் தளர்த்தத் தொடங்கிய 1963இல், கலிஃபோர்னியாவின் போமோனாவில் நடந்த குளிர்காலப் பந்தயத்தை கார்லிட்ஸ் வென்றார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று நியூ ஜெர்சியின் கிரேட் மெடோஸில் மணிக்கு 201.34 மைல் வேகம் பதிவாயிற்று. இருநூறு மைலைத் தொட்ட முதல் ஆள் யார் என்பதில் இன்றும் ஒரு விவாதம் உண்டு. சிகாகோவைச் சேர்ந்த கிறிஸ் கராமெசினெஸ் 1960லேயே இல்லினாய் மாநிலத்தின் ஆல்ட்டனில் 204 மைலைத் தாண்டியதாகக் கடிகாரம் காட்டியது. அக்காலக் கருவிகளின் மீது ஐயம் இருந்ததால் அது பொதுவாக ஏற்கப்படவில்லை. மேற்குக்கரை கேலி செய்த அதே கடிகாரப் பிரச்சினை, இம்முறை கார்லிட்ஸுக்குச் சாதகமாக அமைந்தது என்று சொல்வதில் தவறில்லை. 1967இல் அவருக்குச் சறுக்கலான ஒரு பருவம். ஏழு விநாடிக்குள் ஓடும்வரை தாடி மழிப்பதில்லை என்று சபதம் எடுத்தவர், இண்டியானாபொலிஸ் இறுதிப் போட்டியில் 6.77 விநாடிகளில் வென்றதும் புறப்படும் கோட்டிலேயே அமர்ந்து மழித்துக்கொண்டார். விளம்பரம் எப்படிச் செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இனி, இந்தக் கதையின் மையமான பகுதிக்கு வருவோம். 1950களின் நடுப்பகுதியிலிருந்து 1970 வரை டிராக்ஸ்டர் என்றாலே ‘ஸ்லிங்ஷாட்’ வடிவம்தான். நீளமான, ஒல்லியான குழாய்ச் சட்டம், நடுவில் இன்ஜின், இன்ஜினுக்குப் பின்னால், பின்சக்கர அச்சையும் தாண்டி, வண்டியின் கடைக்கோடியில் ஓட்டுநர். பெரும்பாலான எடை பின்சக்கரங்களின் மீது இறங்குவதால் பிடிப்பு கிடைக்கும் என்பது அதன் தர்க்கம். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு வண்டியின் முழு நீளமும் கண்முன் தெரிவதால், மூக்கு சற்றே விலகினாலும் உடனே புலப்படும். ஆனால் அந்த இருக்கையில் அமர்ந்தவரின் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். முகத்துக்கு நேரே எண்ணெயும் தீயும் கக்கக்கூடிய சூப்பர்சார்ஜர். கால்களுக்கு நடுவே, சில அங்குல இடைவெளியில், நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழலும் கிளட்சும் கியர்பெட்டியும். தொடைகளுக்கு இடையே பின் அச்சின் பற்சக்கரப் பெட்டி. எது உடைந்தாலும் அது ஓட்டுநரைத் தொடாமல் வெளியேற வழி இல்லை.

1960களின் பிற்பகுதியில் இன்னொரு மாற்றமும் சேர்ந்தது. முன்பெல்லாம் கிளட்ச் முழுதாகப் பிடித்துக்கொள்ள, டயர்கள் பாதை நெடுகப் புகை கக்கி வழுக்கியபடியே வண்டி போகும். அதிகப்படி ஆற்றல் டயரில் கரைந்துவிடும். டயர்கள் மேம்பட்டுத் தரையை இறுகப் பிடிக்கத் தொடங்கியதும் அந்த வழுக்கலைக் கிளட்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். விளைவாக, முன்பு டயரில் உண்டான சூடும் அழுத்தமும் ஓட்டுநரின் கால்களுக்கு நடுவே இடம் மாறின. 1967 டிசம்பரில் மைக் சொரோக்கின் கிளட்ச் வெடித்த விபத்தில் இறந்தார். 1969இல் இண்டியானாபொலிஸ் விபத்தில் படுகாயமடைந்த ஜான் மல்லிகன் சில வாரங்களில் உயிரிழந்தார்.

1970 மார்ச் 8 அன்று கலிஃபோர்னியாவின் லாங் பீச் அருகே லயன்ஸ் பாதையில் கார்லிட்ஸின் முறை வந்தது. புறப்படும் கோட்டிலேயே ஸ்வாம்ப் ராட் 13இன் இரண்டு வேக கியர்பெட்டி வெடித்தது. வண்டி அவர் அமர்ந்திருந்த இடத்துக்கு முன்னால் இரண்டாக வெட்டுண்டது. பார்வையாளர் ஒருவரும் காயமடைந்தார். கார்லிட்ஸ் வலது பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். மருத்துவமனைப் படுக்கையிலேயே அடுத்த வண்டியைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிட்டார். இன்ஜின் ஓட்டுநருக்குப் பின்னால் இருக்க வேண்டும். வெடித்தால் பின்னால் வெடிக்கட்டும்.

இந்த எண்ணம் புதியதல்ல. அவருக்கு முன்பே பலர் பின்புற இன்ஜின் டிராக்ஸ்டர்களைச் செய்திருக்கிறார்கள். சில வண்டிகள் ஓரளவு ஓடவும் செய்தன. ஆனால் முழு வேகத்தில் அவை நேராகப் போவதில்லை என்ற பெயர் நிலைத்துவிட்டிருந்தது. கார்லிட்ஸும் அவருடைய கூட்டாளிகளான டி.சி. லெமன்ஸ், கானி ஸ்விங்கிள் ஆகியோரும் 1970இன் இறுதியில் செய்த முதல் சோதனைகளிலும் அதேதான் நடந்தது. வண்டி ஒருபுறம் விலகும். திருத்தினால் மறுபுறம் பாயும். பழைய வடிவத்துக்கே திரும்பிவிடலாம் என்ற பேச்சு வந்தபோது, வேலையை முடித்துவிட்டு வாருங்கள் என்று தம் மனைவி பேட் சொன்னதாகக் கார்லிட்ஸ் பல முறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

தீர்வு, கண்டுபிடித்த பிறகு பார்த்தால் வெட்கப்படும் அளவுக்குச் சிறியது. பழைய வண்டியில் ஓட்டுநர் கடைக்கோடியில் இருந்தார். இப்போது முன்பக்கம் வந்துவிட்டார். மூக்கு விலகுவதைக் கண்ணால் அளக்க அவருக்கு முன்னே நீளம் இல்லை. விலகலை உணர்ந்து திருத்தும்போது தேவைக்கு மேல் திருத்திவிடுகிறார். ஸ்லிங்ஷாட்டுக்குப் பொருத்தமாக இருந்த கூர்மையான ஸ்டீயரிங் விகிதத்தில், கையின் மிகச் சிறிய அசைவுகூடச் சக்கரத்தைப் பெரிதாகத் திருப்பிவிட்டது. ஸ்டீயரிங்கை மந்தப்படுத்திப் பார்க்கலாம் என்று ஸ்விங்கிள் யோசனை சொன்னார். மாற்றினார்கள், வண்டி நேராகப் போயிற்று. சட்டத்தில் பெரிய திருத்தம் இல்லை, புதிய இன்ஜின் இல்லை. கைக்கும் சக்கரத்துக்கும் இடையேயான ஒரு விகிதம்தான் மாறியது.

1971 தொடக்கத்தில், தாம் பாதத்தின் ஒரு பகுதியை இழந்த அதே லயன்ஸ் பாதையில் ஸ்வாம்ப் ராட் 14ஐ இறக்கி இரண்டாமிடம் பெற்றார். அடுத்து போமோனாவில் வென்றார், பிறகு பேக்கர்ஸ்ஃபீல்டிலும் வென்றார். பின்புற இன்ஜினைப் பார்த்துச் சிரித்தவர்கள் பட்டறைக்குத் திரும்பித் தம் வண்டிகளை வெட்டத் தொடங்கினார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் உயர்மட்டப் போட்டிகளில் ஸ்லிங்ஷாட் ஏறத்தாழ மறைந்துவிட்டது. பின்புற இன்ஜினைக் கண்டுபிடித்தவர் என்று அவரைச் சில இடங்களில் எழுதுவது சரியல்ல. பிறர் கைவிட்ட ஒன்றைப் பந்தயத்தில் ஜெயிக்கும் வரை கைவிடாதவர் அவர். அந்த வெற்றிகள் இல்லாமல் வேறெந்தப் பாதுகாப்பு வாதமும் சக வீரர்களை அவ்வளவு விரைவில் மாற்றியிருக்காது. வேகத்தை விட்டுக்கொடுத்துப் பாதுகாப்பை வாங்க அந்த வட்டாரத்தில் யாரும் தயாராக இல்லை.

பணச் சண்டைகளில் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். என்.எச்.ஆர்.ஏ.வின் பரிசுத் தொகை மிகக் குறைவு என்று வாதிட்ட அவர், 1972இல் இண்டியானாபொலிஸ் பந்தயம் நடக்கும் அதே வார இறுதியில், ஓக்லஹோமாவின் டல்சா நகரில் போட்டிப் பந்தயம் ஒன்றை ஏற்பாடு செய்யத் தலைமை தாங்கினார். நைட்ரோமீத்தேன் டிராக்ஸ்டர்கள் ஓடும் உச்சப் பிரிவான டாப் ஃபியூயலில் வெல்பவருக்கு 25,000 டாலர். பிறகு அதே என்.எச்.ஆர்.ஏ.வில் 1975இல் முதல் சாம்பியன் பட்டமும் வென்றார். அந்தப் பட்டத்தை உறுதிசெய்த கலிஃபோர்னியாவின் ஒன்டாரியோ பந்தயத்தில் அவர் எட்டிய 5.63 விநாடியும் 250.69 மைல் வேகமும் அடுத்த சில ஆண்டுகள் யாருக்கும் எட்டவில்லை. அந்த நேரப் பதிவு ஏறக்குறைய ஏழாண்டு நிலைத்தது.

1980களில் களம் மாறிவிட்டது. பெரிய நிறுவனங்களின் விளம்பரப் பணம், சம்பளம் வாங்கும் இன்ஜின் நிபுணர்கள், வண்டியைத் தொடாமல் ஓட்ட மட்டும் செய்யும் ஓட்டுநர்கள் என்று தொழில் பிரிந்தது. கார்லிட்ஸ் பெரிய பந்தயங்களிலிருந்து விலகியிருந்தார். 1984இல், 52 வயதில், இண்டியானாபொலிஸுக்குத் திரும்பிவந்து வென்றபோது அதற்குப் பணம் கொடுத்தவர் முன்பு அவர் வண்டியை ஓட்டிய அதே ஆர்ட் மலோன். தொடர்ந்து 1985, 1986 பட்டங்களும் வந்தன. 1986இல் வந்த ஸ்வாம்ப் ராட் 30 வண்டியில் ஓட்டுநரின் தலைக்கு மேல் போர் விமானத்தைப் போல மூடிய கண்ணாடிக் கூடு இருந்தது. முன்சக்கரங்கள் சிறுத்து, மூக்கு காற்றைக் கிழிக்கும்படி மூடப்பட்டிருந்தது. அதே ஆண்டு ஃபுளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லில் மணிக்கு 272.56 மைல், ஏறக்குறைய 439 கிலோமீட்டர். அந்தக் கூடு டாப் ஃபியூயலில் முறையான அனுமதியோடு மீண்டும் வர 2012 ஆயிற்று.

அதே வண்டி அதே ஆண்டு நியூ ஜெர்சியின் இங்கிலீஷ்டவுனில் முன்சக்கரங்களைத் தூக்கி, அடியில் புகுந்த காற்றில் செங்குத்தாக எழுந்து, திரும்பிப் புறப்பட்ட திசையை நோக்கித் தரையில் விழுந்தது. அவருக்குக் காயமில்லை. அடுத்த ஆண்டு வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேனில் ஸ்வாம்ப் ராட் 31 அப்படியே எழுந்தபோது அந்த அதிர்ஷ்டம் இல்லை. அடிபட்டு, முழுநேரப் பந்தயத்திலிருந்து ஒதுங்கினார். 1987 அக்டோபரில் ஸ்வாம்ப் ராட் 30 தலைநகர் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. 1992இல் ஒருமுறை திரும்பி வந்தார். ஓட்ட முடிவில் பாராசூட் விரியும்போது உண்டாகும் திடீர் வேகக்குறைப்பில் கண்ணின் விழித்திரை பிரிந்து மீண்டும் நின்றார். 2001இல் பிறருடைய வண்டியில் முதன்முறையாக 300 மைலைத் தாண்டினார். 2003இல் கெய்ன்ஸ்வில்லில் தமது ஸ்வாம்ப் ராட் 34 மூலம் 323 மைலை எட்டியபோது வயது 71.

ஃபுளோரிடாவின் ஒகாலா அருகே 1984இல் அவர் திறந்த டிராக் ரேஸ் அருங்காட்சியகத்தில் முதலாவது ஸ்வாம்ப் ராட் தொடங்கி, போட்டியாளர்கள் பழைய இரும்புக்குப் போட இருந்த வண்டிகள் வரை சேர்த்து வைத்திருக்கிறார்.

மின்சாரத்துக்கு அவர் ஏன் போனார் என்பதைச் சுற்றுச்சூழல் அக்கறையாக விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். இன்றைய டாப் ஃபியூயல் இன்ஜின் 11,000 குதிரைத்திறன் அளவுக்குச் செல்கிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஒரு குழு அதைப் பிரித்து மீண்டும் கட்ட வேண்டும். சிறு பட்டறைக்காரருக்கு அங்கே இடமில்லை. மின்சார டிராக்ஸ்டரோ 1957இல் நைட்ரோமீத்தேன் வண்டி இருந்த கட்டத்தில் இருந்தது: சில ஆர்வலர்கள், கைப்பட முயன்று பார்க்கும் வாய்ப்பு, யாரும் தொடாத ஒரு எல்லை. 2014 ஏப்ரலில், ஃபுளோரிடாவின் பிராடன்டனில், 82 வயதில் அவர் 184.01 மைலை எட்டினார். குறி 200 மைல். இதிலும் சிக்கல் அதே பழைய சிக்கல்தான், ஆனால் தலைகீழாக. மின்மோட்டார் நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசையைத் தருவதால் கிளம்புவது எளிது. பாதையின் பிற்பாதியில் மின்கலங்களிலிருந்து போதிய ஆற்றலை எடுத்து வேகத்தைக் கூட்டுவதுதான் கடினம், அதற்கு மின்கலங்களைக் கூட்டினால் எடை கூடுகிறது. 2019 ஜூலையில் பாம் பீச் பாதையில் 189.04 மைல் வந்தது. 2020 மே மாதம் அரிசோனாவின் டூசானில் அந்த 200 மைல் எல்லையைக் கடந்தவர் ஸ்டீவ் ஹஃப் என்பவர், 201.07 மைல். அவரும் தம் பட்டறையில் கட்டிய வண்டியைத் தாமே ஓட்டினார்.